என் லப்டொப்பில் ஓடினதே! – சாண்ட்பாக்ஸும் பில்ட் கருவிகளும் வந்த கதை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சித்தியின் மகள் கூப்பிட்டாள்.

"அண்ணா, பேஜ் வெள்ளையாக் கிடக்கு. ஒண்டும் வருகுதில்லை."

எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது அவள் செய்த பக்கம் அது. எங்கள் அம்மம்மா சொன்ன 64 ஊர்ச் சொற்கள் அதில் இருந்தன. சுளகு, கடகம், சத்தகம், நீத்துப்பெட்டி என்று வரிசையாக இருக்கும். ஒரு சொல்லைத் தொட்டால் அம்மம்மாவின் குரல் கேட்கும். அதன் கீழே, அது என்ன பொருள், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு சின்ன விளக்கம் வரும். ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ப் பள்ளிக் கண்காட்சியில் அதைப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை அம்மம்மாவின் ஆட்டைத் திவசம். வரும் சொந்தக்காரருக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் அவள் பல மாதங்களுக்குப் பிறகு அதைத் திறந்திருக்கிறாள். வெள்ளைத் திரை.

"அப்ப என்ர லப்டொப்பில வடிவா ஓடினது தானே அண்ணா" என்றாள்.

மென்பொருள் வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் வசனம் இது. "என் கணினியில் ஓடுகிறது." அலுவலகத்தில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அந்தப் பக்கத்தைச் செய்தது பிரவுசருக்குள்ளேயே இயங்கும் ஒரு சாண்ட்பாக்ஸில். ஒரு இணையதளத்தைத் திறக்கிறோம். இடது பக்கம் நிரலை எழுதுகிறோம். வலது பக்கம் அது உடனே ஓடுகிறது. எதையும் நிறுவத் தேவையில்லை. என் வேலையோ இதற்கு நேரெதிரானது. நிறுவனங்களின் பில்ட் கருவிகளைச் சரிசெய்வதுதான் என் தொழில். எழுதிய நிரலை எடுத்து, தேவையான பாகங்களைச் சேர்த்து, சோதித்து, ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் தானியங்கி வேலைக்குத்தான் பில்ட் என்று பெயர்.

பல வருடங்களாகச் சாண்ட்பாக்ஸ் என்றால் விளையாட்டுச் சாமான், பில்ட் கருவி என்றால் பெரியவர்களின் வேலை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு இரண்டும் எப்படி வந்தன என்று தேடி வாசித்தேன். இரண்டும் ஒரே எரிச்சலில் பிறந்தவை என்று தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

வீணாய்ப் போன ஒரு காலை

1976. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வகம். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்த இடம் அதுதான். அங்கே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்ற இளம் ஆய்வாளர் இருந்தார். ஒரு நாள் அவருடைய அறைக்குள் ஸ்டீவ் ஜோன்சன் என்ற சக ஆய்வாளர் திட்டிக்கொண்டே வந்தார். யாக் என்ற புகழ்பெற்ற நிரலை எழுதியவர் அவர். ஒரு காலை முழுவதும் ஒரு பிழையைத் தேடியிருக்கிறார். கடைசியில் பார்த்தால் அந்தப் பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துவிட்டார். கணினி பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டிருந்தது.

இதில் சிரிக்க ஃபெல்ட்மனுக்கும் வழியில்லை. முந்தின நாள் மாலை அவரும் அதே மாதிரித் தவறில் நேரத்தைத் தொலைத்திருந்தார். அந்த வார இறுதியில் உட்கார்ந்து ஒரு சின்னக் கருவியை எழுதினார். அதன் பெயர் மேக்.

மேக் என்ன செய்கிறது என்று சமையலறையில் வைத்துப் பார்ப்போம். இரவுச் சாப்பாட்டுக்குத் தோசையும் சம்பலும். தட்டு தயாராக வேண்டுமானால் தோசையும் வேண்டும், சம்பலும் வேண்டும். தோசைக்குப் புளித்த மா வேண்டும். மாவுக்கு ஊறிய உளுந்தும் அரிசியும் வேண்டும். சம்பலுக்குத் தேங்காய் வேண்டும். இப்போது தேங்காய் பழுது என்று வேறு தேங்காய் எடுக்கிறீர்கள். என்னென்னவற்றைத் திரும்பச் செய்ய வேண்டும்? சம்பலை மட்டும். மாவை மறுபடி அரைக்க யாரும் போகமாட்டார்கள்.

இதைத்தான் மேக் செய்கிறது. எது எதை நம்பியிருக்கிறது என்பதை மேக்ஃபைல் என்ற ஒரு கோப்பில் எழுதிவைக்கிறோம். மேக் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கிறது. மூலக் கோப்பு புதிது, அதிலிருந்து செய்த பொருள் பழையது என்றால், அதை மட்டும் திரும்பச் செய்கிறது. ஜோன்சன் மறந்ததை மேக் மறக்காது.

மேக்ஃபைலில் கட்டளை வரிகள் ஒவ்வொன்றும் டாப் விசையில் தொடங்க வேண்டும். எட்டு வெற்றிடங்கள் வைத்தால் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும்; ஆனால் ஓடாது. ஃபெல்ட்மன் பிறகு இதற்குக் காரணம் சொன்னார். எளிமையாக ஒன்றைச் செய்வோம் என்று அப்படி எழுதிவிட்டாராம். சில வாரங்களில் ஒரு டசின் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய கோப்புகளைக் குழப்பக் கூடாது என்று மாற்றாமலே விட்டுவிட்டார். அந்த டசின் நண்பர்களுக்காக விட்ட டாப், ஐம்பது வருடங்களாக எல்லாருடைய நேரத்தையும் தின்கிறது. நானும் கொடுத்திருக்கிறேன்.

மேக்குக்காக 2003-ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

குறிப்பில் எழுதாமல் விட்டவை

மேக்கில் ஒரு குறை இருந்தது. "அரை" என்று குறிப்பு சொல்லும். எந்த அரைவை இயந்திரம், எந்த உளுந்து என்று சொல்லாது. கம்பைலரும் மற்ற லைப்ரரிகளும் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன என்று அது எடுத்துக்கொண்டது. ஒரே ஆய்வகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்த காலத்தில் அது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. கணினிகள் பெருகியதும் சிக்கல் ஆனது.

1990-களின் கடைசியில் சன் நிறுவனத்தில் இருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், பின்னாளில் டொம்கட் என்று பெயர்பெற்ற ஜாவா சேர்வரில் வேலைசெய்துகொண்டிருந்தார். ஜாவா எந்தக் கணினியிலும் ஓடும். ஆனால் மேக்ஃபைல்கள் யூனிக்ஸ் கட்டளைகளை நம்பியிருந்தன. ஆகவே அவர் ஆன்ட் என்ற கருவியை எழுதினார். 2000-இல் அது அப்பாச்சி அமைப்பின் தனித் திட்டமாக வெளிவந்தது. டாப் தொல்லை அதில் இல்லை. பதிலாக எக்ஸ்எம்எல் தொல்லை வந்தது.

அடுத்து வந்த மேவன் இன்னொரு படி ஏறியது. 2004-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. உங்கள் நிரலுக்கு எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு வேண்டும் என்று கோப்பில் எழுதிவிட்டால் போதும். மேவன் அதை ஒரு பொதுக் களஞ்சியத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். உளுந்து எந்தக் கடையில், எந்தப் பொதி என்பது வரைக்கும் குறிப்பில் ஏறிவிட்டது. அதே வழியில் பிறகு கிரேடில் வந்தது. உங்கள் ஆண்ட்ராய்ட் ஃபோனில் உள்ள செயலிகளில் பெரும்பாலானவை கிரேடிலால் கட்டப்பட்டவை.

எழுதிய குறிப்பு சரியா என்று யார் சமைத்துப் பார்ப்பது? அந்தக் கேள்விக்கும் பதில் வந்தது. 2000-இல் மார்ட்டின் ஃபௌலரும் மத்தியூ ஃபொம்மலும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழுவில் எல்லாரும் தங்கள் மாற்றங்களை அடிக்கடி ஒன்றாகச் சேர்க்க வேண்டும், சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பில்ட் தானாக ஓட வேண்டும் என்பது அதன் சாரம். 2001-இல் குரூஸ்கொன்ட்ரோல் என்ற கருவி அதைச் செய்தது. சில வருடங்களில் சன் நிறுவனத்தில் இருந்த கொஹ்சுகே கவாகுச்சி ஹட்சன் என்ற கருவியை வெளியிட்டார். தான் சேர்க்கும் நிரல் பில்டை உடைத்து, கூட வேலை செய்கிறவர்களிடம் வாங்கிக் கட்டுவது அவருக்கு அலுத்துப்போனது. அவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டும் என்று எழுதினார். 2010-இல் சன்னை ஒராக்கிள் வாங்கியது. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு வந்தது. 2011 தொடக்கத்தில் அந்தத் திட்டம் ஜென்கின்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. எனக்குச் சோறு போட்ட முதல் கருவி அதுதான்.

இந்தக் கருவிகளின் பலம், நன்றாக அமைத்தால் ஒவ்வொரு பில்டையும் ஒரு வெறும் கணினியில் தொடங்க முடியும் என்பதுதான். உங்கள் லப்டொப்பில் நீங்கள் எப்போதோ நிறுவி மறந்துபோன எதுவும் அங்கே இருக்காது. குறிப்பில் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் உடனே பிழையாக வந்து நிற்கும்.

இரவல் லப்டொப்பில் தொடங்கியவர்

இனி மற்றப் பக்கம்.

சாண்ட்பாக்ஸ் என்றால் பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் மணல்தொட்டி. உள்ளே எதை வேண்டுமானாலும் கட்டலாம், இடிக்கலாம். மணல் வெளியே வராது. கணினியில் இந்தச் சொல் முதலில் பாதுகாப்புக்காக வந்தது. 1995-இல் ஜாவா வெளிவந்தபோது, இணையத்திலிருந்து வரும் முன்பின் தெரியாத நிரலைப் பிரவுசருக்குள் ஓடவிட்டார்கள். அது உங்கள் கோப்புகளைத் தொடாமல் இருக்க ஒரு வேலி வேண்டும். அந்த வேலிக்குத்தான் சாண்ட்பாக்ஸ் என்று பெயர். அதே 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதுவும் அதே மாதிரி வேலிக்குள்தான் ஓடுகிறது.

பிரவுசருக்குள் ஏற்கெனவே ஒரு மொழி ஓடுகிறது என்றால், அங்கேயே எழுதிப் பார்க்கவும் ஏன் கூடாது? 2008-இல் ரெமி ஷார்ப் ஜேஎஸ்பின்னைச் செய்தார். 2012-இல் கோட்பென் வந்தது. நீங்கள் எழுதும் பக்கத்தை ஒரு சின்னச் சட்டகத்துக்குள் வேலிபோட்டு ஓட்டுவதுதான் இவற்றின் அடிப்படை. லிங்கை அனுப்பினால் மற்றவரும் அதையே பார்ப்பார்.

என்னை மாற்றிய கதை அம்ஜத் மசாத்துடையது. அவர் ஜோர்தானின் அம்மான் நகரத்தில் வளர்ந்தவர். படிக்கும் காலத்தில் சொந்த லப்டொப் இருக்கவில்லை. நண்பர்களிடம் இரவல் வாங்கி நிரல் எழுதினார். ஒவ்வொரு முறையும் வேறு கணினி. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டும். பிரவுசரைத் திறந்ததும் எழுதத் தொடங்கலாம் என்றால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்தார்.

பைதான் மாதிரியான மொழிகள் பிரவுசருக்குள் ஓடாது என்பதுதான் தடையாக இருந்தது. அந்த நேரம் மொசில்லாவில் அலொன் ஸகாய் எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியை எழுதிக்கொண்டிருந்தார். சி மொழியில் எழுதியதை அது ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும். பைதானை இயக்கும் நிரலே சி மொழியில் எழுதப்பட்டது. ஆகவே அதையே மாற்றிவிட்டால் பைதான் பிரவுசருக்குள் வந்துவிடும். மசாத்தும் நண்பர்களும் அதைச் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். நிரலெழுதச் சொல்லித்தரும் கோட்அகாடமி அதைப் பயன்படுத்தியது. மசாத்தும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 2016-இல் அவர் அதையே ரெப்லிட் என்ற நிறுவனமாகத் தொடங்கினார்.

2017-இல் இன்னும் இரண்டு வந்தன. நெதர்லாந்தில் மாணவராக இருந்த ஐவ்ஸ் வான் ஹூர்ன் கோட்சாண்ட்பாக்ஸைச் செய்தார். அவர் விடுமுறையில் இருந்தபோது, கூட வேலை செய்கிறவர்கள் நிரலைப் பற்றிக் கேள்விகள் அனுப்பினார்களாம். ஓட்டிப் பார்க்காமல் எப்படிப் பதில் சொல்வது என்ற எரிச்சலில் பிறந்தது அது. எரிக் சைமன்ஸும் ஆல்பர்ட் பாயும் ஸ்டாக்பிளிட்ஸைத் தொடங்கினார்கள். சேர்வர்களில் மட்டுமே ஓடிவந்த நோட் ஜேஎஸ்ஸை அவர்கள் 2021-இல் பிரவுசர் டாபுக்குள்ளேயே ஓடவைத்தார்கள்.

பெல் ஆய்வகத்தில் வீணான அந்தக் காலையையும் அம்மானின் இரவல் லப்டொப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரு மனிதர் நிரல் எழுத உட்கார்ந்தார். நிரலோடு சம்பந்தமே இல்லாத வேலையில் நேரம் போனது. ஃபெல்ட்மன் அந்த வேலையை எழுதிவைத்து, தானாக நடக்கச் செய்தார். மசாத் அந்த வேலையையே கண்ணிலிருந்து மறைத்தார்.

மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது

மறைத்தார் என்றுதான் சொன்னேன். வேலை காணாமல் போகவில்லை.

இன்றைக்கு ரியாக்ட் மாதிரி ஒன்றில் எழுதினால், நீங்கள் எழுதியது அப்படியே பிரவுசருக்குப் புரியாது. அதை மொழிமாற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பொதிகளைச் சேர்க்க வேண்டும். நிறுவனங்களில் இதைச் செய்ய வெப்பேக் மாதிரியான பில்ட் கருவிகள் இருக்கின்றன. சாண்ட்பாக்ஸிலும் இதே வேலை நடக்கத்தான் வேண்டும். கோட்சாண்ட்பாக்ஸ் இதற்காகவே பிரவுசருக்குள் ஓடும் ஒரு பில்ட் கருவியைத் தானே எழுதிக்கொண்டது. நீங்கள் ஒரு எழுத்தை மாற்றி வலது பக்கம் படம் மாறும்போது, நடுவில் ஒரு பில்ட் ஓடி முடிந்திருக்கிறது.

ஆகவே சாண்ட்பாக்ஸா பில்ட் கருவியா என்ற கேள்வியில், சமையல் குறிப்பு யார் கையில் இருக்கிறது என்று கேட்பதுதான் சரி. பில்ட் கருவியில் அது உங்கள் கோப்புகளோடு இருக்கிறது. சாண்ட்பாக்ஸில் பாதி உங்களிடமும் மீதி அந்தத் தளத்திடமும் இருக்கிறது. தொடங்கும் நாளில் இது பெரிய உதவி. மூன்று வருடங்கள் கழித்துத் திறக்கும் நாளில் இது பெரிய கேள்வி.

பொதிகளை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பது 2016 மார்ச் 22 அன்று எல்லாருக்கும் தெரிந்தது. அஸெர் கொச்சுலு என்ற நிரலாளருக்கும் என்பிஎம் களஞ்சியத்துக்கும் ஒரு பெயரின் உரிமை குறித்துத் தகராறு. அவர் தன் பொதிகள் எல்லாவற்றையும் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்பாட். வெறும் 11 வரிகள். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் தேவையான இடைவெளியை நிரப்பும். ஆனால் உலகமே பயன்படுத்திய பாபெல் மாதிரியான பெரிய கருவிகள் அதை நம்பியிருந்தன. அன்று பல நாடுகளில் பில்டுகள் வரிசையாக விழுந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் அந்தப் பொதியைத் திரும்ப வைத்தது. பொதியை நீக்கும் விதிகளையும் மாற்றியது.

அதே ஆண்டு ஒக்டோபரில் யார்ன் என்ற கருவி வந்தது. 2017-இல் என்பிஎம்மின் 5-ஆம் பதிப்பும் வந்தது. இரண்டும் பூட்டுக் கோப்பு ஒன்றைத் தாமாகவே உருவாக்கும். உங்கள் நிரல் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு பொதியின் சரியான பதிப்பு எண்ணும் அதில் பதிவாகும். அடுத்த வருடம் வேறொருவர் பில்ட் செய்தாலும் அதே பதிப்புகளைத்தான் கேட்கும்.

பில்ட் கருவிகளும் குற்றமற்றவை அல்ல. 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செய்தி வெளிவந்தது. ஊடுருவியவர்கள் அங்கே மூல நிரலை விட்டுவிட்டு, பில்ட் நடக்கும் இடத்தில் கள்ளத்தனமாகத் தங்கள் நிரலைச் சேர்த்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அந்தப் பதிப்பை இறக்கியிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. மூல நிரலை மட்டும் வாசித்து ஒரு மென்பொருளை நம்ப முடியாது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன் 1984-லேயே எச்சரித்திருந்தார். இந்த விஷயத்தில் சாண்ட்பாக்ஸின் வேலி நல்லது. ஒரு பில்ட் ஸ்கிரிப்டை உங்கள் லப்டொப்பில் ஓட்டினால், அது உங்கள் கோப்புகளைத் தொடலாம். பிரவுசர் வேலிக்குள் ஓடினால் அவ்வளவு எளிதில் முடியாது.

சாண்ட்பாக்ஸுக்கு இன்னொரு நல்ல பயனும் உண்டு. திறந்தமூலத் திட்டங்களில் ஒரு பிழையைச் சொன்னால், "அந்தப் பிழை மட்டும் தெரியும்படி ஒரு சாண்ட்பாக்ஸ் லிங்க் தாருங்கள்" என்று கேட்பார்கள். என் கணினி, உன் கணினி என்ற வாக்குவாதமே அங்கே வராது.

64 சொற்கள்

திரும்பத் தங்கச்சியிடம் வருகிறேன். அன்றிரவு இரண்டு பேரும் வீடியோ அழைப்பில் இருந்தபடி அவளுடைய கோப்புகளைத் திறந்தோம்.

முதல் கோளாறு அரை மணி நேரத்தில் பிடிபட்டது. ஒலியை இயக்க அவள் ஒரு லைப்ரரியைச் சேர்த்திருந்தாள். பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் "லேட்டஸ்ட்" என்று இருந்தது. கண்காட்சி நாளில் லேட்டஸ்ட் என்றால் ஒன்று. இரண்டு வருடங்கள் கழித்து லேட்டஸ்ட் என்றால் வேறொன்று. நடுவில் அந்த லைப்ரரியை எழுதியவர்கள் கட்டளைகளின் பெயர்களை மாற்றிவிட்டார்கள். பூட்டுக் கோப்பு இருக்கவில்லை. பழைய எண்ணைத் தேடி எழுதினோம். வெள்ளைத் திரை போனது. "சுளகு" என்பதைத் தொட்டாள். அம்மம்மா சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகுதான் இரண்டாவது கோளாறு தெரிந்தது. சொல் இருந்தது, குரல் இருந்தது, கீழே விளக்கம் இல்லை. 64 சொற்களுக்கும் இல்லை.

விளக்கங்களை அவள் நிரலில் எழுதவில்லை. பக்கத்திலேயே ஒரு சின்னப் படிவம் செய்து, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கிறாள். "சேமிக்கப்பட்டது" என்று வந்தது. அது சேமித்த இடம் அந்த லப்டொப்பின் பிரவுசருக்குள் இருக்கும் சேமிப்பிடம். ஒவ்வொரு கணினிக்கும் அது வேறு வேறு. கண்காட்சியிலும் அவள் அதே லப்டொப்பை வைத்துத்தான் காட்டினாள். ஆகவே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அது பள்ளி இரவல் கொடுத்த லப்டொப். படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் வழமைபோல அதைத் துடைத்து அடுத்த மாணவருக்குக் கொடுத்திருப்பார்கள்.

இதில் எந்தத் தளத்தின் மீதும் பிழை இல்லை. அவள் மீதும் சொல்ல மாட்டேன்; 17 வயதில் யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். கண்காட்சியில் நானும் நின்றேன். "நல்லாச் செய்திருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் பற்றீஸ் சாப்பிடப் போனேன். ஒரு தடவையாவது என் ஃபோனில் அந்த லிங்கைத் திறந்து பார்த்திருந்தால், விளக்கங்கள் இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். அப்போது அம்மம்மா இருந்தார்.

அந்த வாரம் தினமும் இரவில் வேலை செய்தோம். ஒலிக் கோப்புகளையும் நிரலையும் கிட்டில் ஏற்றினோம். சித்தியும் அம்மாவும் சொல்லச் சொல்ல விளக்கங்களை இந்த முறை சாதாரணக் கோப்பில் எழுதினோம். பூட்டுக் கோப்பு வைத்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெறும் கணினியில் பில்ட் தானாக ஓடும்படி செய்தோம். பில்ட் முதலில் ஒன்றைச் சோதிக்கும்: ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிக் கோப்பு இருக்கிறதா, விளக்கம் இருக்கிறதா என்று. விளக்கம் இல்லாத சொல்லைப் பெயர் சொல்லிக் காட்டும்.

சனிக்கிழமை வந்தவர்களிடம் அந்தப் பட்டியலை வைத்துக் கேட்டோம். பல சொற்களுக்குப் பதில் கிடைத்தது. சிலவற்றுக்கு இரண்டு பெரியம்மாமார் இரண்டு விதமாகச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். இரண்டையும் எழுதிவைத்தோம். மூன்று சொற்கள் மிஞ்சின. யாருக்கும் தெரியவில்லை. அம்மம்மாவின் குரலில் தெளிவாகக் கேட்கின்றன. என்னவென்றுதான் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை பில்ட் ஓடும்போதும் அந்த மூன்று பெயர்களும் இன்னும் வந்து நிற்கின்றன.

நீங்கள் இன்றைக்கு எதையாவது சாண்ட்பாக்ஸில் செய்துகொண்டிருந்தால், விடாதீர்கள். அது இல்லையென்றால் தங்கச்சி இந்த வேலையைத் தொடங்கியே இருக்கமாட்டாள். என் வழியில் போயிருந்தால், முதல் வாரம் முழுக்க மென்பொருளை நிறுவுவதில் போயிருக்கும்; அம்மம்மாவின் பொறுமையும் போயிருக்கும். அவளிடம் ஒரு குரலாவது இருப்பதற்குக் காரணம் சாண்ட்பாக்ஸ்தான்.

ஆனால் நீங்கள் செய்தது இன்னொருவருக்கும் வேண்டும் என்று ஆகும் நாள் ஒன்று வரும். கண்காட்சியில் ஒருவர் லிங்க் கேட்கும் நாள். அன்று மூன்று வேலை செய்யுங்கள். எல்லாக் கோப்புகளையும் இறக்கி உங்கள் கையில் ஒரு பிரதி வையுங்கள். "லேட்டஸ்ட்" என்று இருக்கும் இடமெல்லாம் பதிப்பு எண்ணை எழுதிப் பூட்டுங்கள். பிறகு வேறொருவரின் கணினியில், நீங்கள் தொடாமல், அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதைத் தங்கச்சி தன் 14 வயதுத் தம்பியை வைத்துச் செய்தாள். அவன் நிரல் எழுதத் தெரியாதவன். ஒரே ஒரு கட்டளையைத் தட்டினான். முதல் தடவை ஓடவில்லை. குறிப்பில் நாங்கள் ஒரு வரியை விட்டிருந்தோம். அதைச் சேர்த்தோம். இரண்டாம் தடவை ஓடியது.